பெரிய நாவலை படமா எடுக்கறப்ப பணத்தை விட பெரிய தலைவலி எது?

காலேஜ் படிக்கற தம்பி ஒருத்தர் எழுதிக் கேட்டது மூணு விஷயம். பொன்னியின் செல்வன் படமா வர ஏன் 60 வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்த மாதிரி படத்துல அத்தனை கோடி எங்க தான் போகுது, அதுக்கு பதிலா வெப் சீரிஸா எடுத்திருந்தா நாவல்ல இருக்கற எல்லாத்தையும் காட்டியிருக்கலாமே. வழக்கமா எல்லாரும் சொல்ற பதில் "அந்தக் காலத்துல டெக்னாலஜி இல்ல, பட்ஜெட் இல்ல" அப்படிங்கறது தான். அது பாதி தாங்க. மீதி பாதியை வெளிய யாரும் பெருசா பேசறதில்ல, ஆனா ஷூட்டிங் வேலை பாக்கறவங்க யாரை கேட்டாலும் மொத வார்த்தையா அதைத் தான் சொல்வாங்க. காம்பினேஷன் டேட், அதாவது ஒரு காட்சியில வர்ற நடிகர்கள் எல்லாரும் ஒண்ணா கிடைக்கற நாள்.

நான் சேலம். ஏற்காடு, மேட்டூர் இந்தச் சுத்துவட்டாரத்துக்கு அவுட்டோர் வர்ற யூனிட்டுகளுக்கு இடம் பாத்து குடுக்கறது, பர்மிஷன், ரூம், வண்டி, சாப்பாடு, லோக்கல் ஆளுங்கன்னு புரொடக்‌ஷன் சைடுல ரொம்ப காலமா ஓடிட்டு இருக்கேன். நாவல்ல இருந்து எடுத்த ஒரு பெரிய பீரியட் படத்துக்கும் வேலை பாத்திருக்கேன், பேர் வேணாம். அதை வெச்சு தான் சொல்றேன்.

கடம்பூர் மாளிகை அத்தியாயத்தை எடுத்துக்கோங்க, படிச்சவங்க யாரும் மறக்க மாட்டாங்க. ராத்திரி நேரம், பெரிய பழுவேட்டரையர், சம்புவரையர், மத்த சிற்றரசர்கள் எல்லாம் கூடி ரகசியமா பேசறாங்க, மூடுபல்லக்குல இருந்து மதுராந்தகர் வெளிய வர்றார், மேல ஒளிஞ்சு நின்னு வந்தியத்தேவன் பாத்துட்டு இருக்கான், அந்தப் பக்கம் மதில் மேல ஆழ்வார்க்கடியான் தலை தெரியுது. கல்கி சில பக்கத்துல முடிச்சிட்டார், நாமளும் மூச்சு விடாம படிச்சிடுவோம். ஆனா ஷெட்யூல் சார்ட் போடறவன் அந்தப் பக்கத்தை படிச்சா அவனுக்கு தெரியறது சதி இல்ல, ஒரே ஃபிரேம்ல ஆறேழு பெரிய ஆர்ட்டிஸ்ட், முழுக்க நைட் எஃபெக்ட், தீப்பந்தம், அதுக்கு பக்கத்துலயே ஃபயர் சர்வீஸ் வண்டி, பல்லக்கு தூக்கறவங்க, காவல் வீரர்கள்னு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் கூட்டம், அத்தனை பேருக்கும் நகை, கவசம், மேக்கப். சாயங்காலம் 6 மணிக்கு ஷாட் வைக்கணும்னா மேக்கப் மத்தியானமே ஆரம்பிக்கணும். இதுல ஒருத்தர் தெலுங்குல ஒரு படம் பண்ணிட்டு இருப்பார், இன்னொருத்தருக்கு மகனோட கல்யாணம், இன்னொருத்தர் 10ம் தேதி வரைக்கும் தான் குடுத்திருப்பார், அடுத்தவர் 9ம் தேதி தான் ஃபிளைட் ஏறுவார். அப்ப எல்லாரும் சேர்ந்து நிக்கறது ரெண்டே நாள். அந்த ரெண்டு நாள்ல மழை பெஞ்சா, யாருக்காவது காய்ச்சல் வந்தா, செட்டுல தூண் ஒண்ணு ரெடியாகலைன்னா, அடுத்து அந்த ஏழு பேரும் மறுபடி ஒண்ணா கிடைக்கறது எத்தனை மாசம் கழிச்சோ.

இந்த மாதிரி மாட்டிக்கறப்ப என்ன பண்ணுவாங்கன்னா, வராத ஆர்ட்டிஸ்டுக்கு டூப்பை முதுகு காட்டி நிக்க வெச்சு, அவன் தோளுக்கு பின்னாடி இருந்து (சஜஷன் ஷாட்னு சொல்வோம்) எதிர்ல இருக்கறவரை எடுத்துட்டு, அவர் வந்தப்புறம் இன்னொரு ஊர்ல அதே லைட்டிங் பண்ணி அவரோட குளோசப்பை மட்டும் எடுத்து ஒட்டுவாங்க. டெக்னிக்கலா எந்தத் தப்பும் இருக்காது. ஆனா நேருக்கு நேர் நின்னு பேசற ரெண்டு பெரிய நடிகர் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்லைன்னா அந்தக் காட்சியில சூடு இருக்காது, தியேட்டர்ல உக்காந்திருக்கறவங்களுக்கு காரணம் தெரியாது, "நாவல்ல படிச்சப்ப இருந்த ஃபீல் இல்லையே"ன்னு மட்டும் தோணும். டைரக்டர் கோட்டை விட்டார்னு எழுதிடுவாங்க. எனக்கு அதைப் படிக்கறப்ப மனசு கஷ்டமா இருக்கும்.

இப்ப 60 வருஷ கதைக்கு வரேன். கல்கி பத்திரிகையில 1950ல தொடங்கி 1954ல முடிஞ்ச தொடர் அது. 1958ல எம்.ஜி.ஆர் 10,000 ரூபாய்க்கு உரிமை வாங்கினார். அப்ப அறிவிச்ச பேர்களை பாருங்க, வைஜயந்திமாலா, ஜெமினி கணேசன், பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, டி.எஸ்.பாலையா, நம்பியார். பின்னாடி பெரிய டைரக்டரான மகேந்திரன் அப்ப சின்னப் பையன், அவரைத் தான் திரைக்கதை எழுத வெச்சார். காசு இல்லாத ஆள் இல்ல எம்.ஜி.ஆர், அதே வருஷம் தான் நாடோடி மன்னன் சொந்தமா எடுத்து ஜெயிச்சிருந்தார். ஆனா 1959ல சீர்காழியில நாடகத்துல நடிக்கறப்ப கால் முறிஞ்சு மாசக்கணக்கா எழுந்திரிக்க முடியல. ஹீரோவும் அவர், டைரக்டரும் அவர். மேல சொன்ன ஒவ்வொருத்தரும் அப்ப தமிழ், தெலுங்கு, இந்தின்னு ஓடிட்டு இருந்தவங்க, அவர் குணமாகி வர்ற வரைக்கும் யாருமே காத்துட்டு இருக்க முடியாது. உரிமையை அப்புறம் புதுப்பிச்சும் படம் நகரல. அந்தப் பட்டியலை பாக்கறப்ப எல்லாம் எனக்கு தோணும், அந்தக் காலத்துல இவங்களை ஒரே மண்டபத்துல உக்கார வெச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு.

அப்புறம் 80கள் கடைசியில கமல், மணிரத்னம் ரெண்டு பேரும் சேர்ந்து யோசிச்சாங்க, 2010 வாக்குல மணிரத்னம் மறுபடி ஆரம்பிச்சு பட்ஜெட் தாங்காதுன்னு விட்டார், 2019 டிசம்பர்ல தான் தாய்லாந்துல முதல் ஷெட்யூல் நடந்தது. மூணு மாசத்துல லாக்டவுன். 2021 ஜனவரியில ராமோஜி ஃபிலிம் சிட்டியில திரும்ப ஆரம்பிச்சு அந்த செப்டம்பர்ல முடிச்சாங்க. முதல் பாகம் 2022 செப்டம்பர் 30, ரெண்டாவது 2023 ஏப்ரல் 28. இதுல நான் ரொம்ப மதிக்கறது ஒரு முடிவு, ரெண்டு பாகத்தையும் சேர்த்து ஒரே மூச்சுல எடுத்தாங்களே அது தான். முதல் பாகம் ஓடுச்சுன்னா ரெண்டாவது எடுக்கலாம்னு விட்டிருந்தா விக்ரம், ஐஸ்வர்யா ராய், கார்த்தி, ஜெயம் ரவி, த்ரிஷா, சரத்குமார், பிரகாஷ்ராஜ், பார்த்திபன், ஜெயராம்னு இந்தக் கூட்டத்தை இன்னொரு தடவை கூட்டவே முடியாது, செட்டும் பிரிச்சிருப்பாங்க, நடிகர்கள் உடம்பும் முகமும் மாறியிருக்கும். தைரியம் வேணும் அதுக்கு, ஏன்னா ரெண்டு படத்து செலவும் ஒரு டிக்கெட் விக்கறதுக்கு முன்னாடியே உள்ள போயிடுது.

இதுக்கு நேர் எதிரான ஒரு ஏற்பாடு நம்ம ஊர்லயே இருந்துச்சு, அதையும் சொல்லணும். தம்பி, நீங்க ஏற்காடு ரோட்டுல தான் காலேஜ் போறேன்னு எழுதியிருக்கீங்க, அப்ப மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ வளைவை தினம் தாண்டி தான் போவீங்க. 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்சது. 100 படத்துக்கு மேல அங்க இருந்து வந்திருக்கு, தமிழ்ல முதல் முழுநீள கலர் படம் 1956ல அலிபாபாவும் 40 திருடர்களும் அங்க தான். நாவல்ல இருந்து எடுத்ததுன்னு பாத்தா 1940லயே உத்தம புத்திரன், பிரெஞ்சு எழுத்தாளர் டூமா எழுதின இரும்பு முகமூடி கதையை வெச்சு பி.யு.சின்னப்பாவுக்கு ரெட்டை வேஷம் குடுத்து எடுத்தது, 1950ல வடுவூர் துரைசாமி அய்யங்கார் நாவல் திகம்பர சாமியார், நம்பியார் வேஷம் மேல வேஷம் போட்டு நடிச்சது. இதெல்லாம் எப்படி சட்டு சட்டுன்னு முடிஞ்சதுன்னா, நடிகர், எழுத்தாளர், கேமராமேன், தச்சு வேலைக்காரர்னு பல பேர் மாசச் சம்பளத்துக்கு அந்தக் காம்பவுண்டுலயே இருந்தாங்க. கலைஞர், கண்ணதாசன் எல்லாம் அங்க சம்பளத்துக்கு எழுதினவங்க தான். நேரத்துக்கு வரணும், முதலாளி கண்டிப்பு அப்படி. காலையில இந்த நாலு பேரும் வேணும்னா அந்த நாலு பேரும் அங்க இருப்பாங்க. காம்பினேஷன்ங்கற பிரச்சனையே கிடையாது. 1963ல அவர் காலமானார், அந்த முறையும் சினிமாவுல மெல்ல மெல்ல போயிடுச்சு, இன்னைக்கு ஒவ்வொரு நடிகரும் தனித்தனி கம்பெனி மாதிரி, அவங்களுக்கு மேனேஜர், கேரவன், ஜிம் ட்ரெய்னர்னு ஒரு கூட்டம். நடிகருக்கு நியாயமான காசு கிடைக்குதுங்கறது நல்லது தான், ஆனா படம் எடுக்கறவனுக்கு நாள் தான் தங்கம் ஆயிடுச்சு.

அடுத்தது இடம். வெளியாளுங்க நினைக்கற மாதிரி பழைய கோட்டை ஒண்ணு கிடைச்சா போதும்னு இல்ல. 10ம் நூற்றாண்டு காடுன்னு ஏற்காட்டுல கேமராவை திருப்புங்க பாக்கலாம். காப்பி செடி 1820கள்ல காக்பர்ன்னு ஒரு கலெக்டர் இருந்தப்ப வந்தது. மிளகுக் கொடி ஏத்தி விட்டிருக்காங்களே சில்வர் ஓக், அது ஆஸ்திரேலியா மரம். மலைச்சரிவு பூரா கிடக்கற உன்னிச்செடி அமெரிக்கா பக்கத்துது. சரி கீழ சமவெளிக்கு போலாம்னா சீமைக்கருவேலம், அதுவும் வெளிநாடு, சப்பாத்திக்கள்ளி, பப்பாளி, முந்திரி, வயல்ல மிளகாய் செடி, எல்லாமே சோழர் காலத்துக்கு பல நூறு வருஷம் கழிச்சு வந்தது. கதை தொடங்கறது ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீரநாராயண ஏரிக்கரையில, வந்தியத்தேவன் குதிரையில வர்றான், தண்ணி கடல் மாதிரி, குடும்பம் குடும்பமா ஜனங்க. இன்னைக்கு ஆடி 18க்கு மேட்டூர் போனா கூட்டம் இருக்கு, தண்ணியும் இருக்கும், கூடவே கரண்ட் கம்பம், கான்கிரீட் படி, செல்போன் டவர், பிளாஸ்டிக் குடம். இதையெல்லாம் சிஜில, அதாவது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்ல அழிக்கலாம், ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனித்தனியா காசு. இதுல இன்னொரு சிக்கல், கோயில், அரண்மனை எல்லாம் கதை நடக்கற காலத்துல புதுசு. தஞ்சை பெரிய கோயிலே 1010ல தான் முடிஞ்சது, கதையில அது கிடையாது. இப்ப நிக்கற பழைய கல் கட்டடத்தை அப்படியே காட்டினா ராஜாக்கள் இடிபாட்டுக்குள்ள குடியிருந்த மாதிரி ஆயிடும். அதனால செட் போடணும், செட்னா தோட்டா தரணி மாதிரி ஆர்ட் டைரக்டருங்க வேணும், மாசக்கணக்கா ஸ்டுடியோ ஃப்ளோர் வாடகை ஓடணும்.

நான் வேலை பாத்த படத்துல நடந்த ஒண்ணு சொல்றேன், சின்ன விஷயம் தான், ஆனா நாவல்ல ஒரு வரி என்ன பண்ணும்னு புரியும். வெள்ளைக்காரன் காலத்து எஸ்டேட் கதை. நாவல்ல நாயகனும் நாயகியும் மொதல்ல பாத்துக்கறப்ப காப்பி பூத்திருக்கும், மலை பூரா வெள்ளையா, வாசனையோட. அந்த நாவலை நேசிக்கறவங்க எல்லாருக்கும் அந்த இடம் உசிரு, டைரக்டருக்கும் அப்படித் தான். ஆனா காப்பிப் பூ மாசி பங்குனியில ஒரு நல்ல மழை விழுந்தா ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு ஒரேடியா பூக்கும், மூணு நாலு நாள் தான் வெள்ளையா இருக்கும், அப்புறம் பழுப்பாயிடும். மழை எந்தத் தேதியில வரும்னு எந்த ஹீரோ மேனேஜர்கிட்ட போய் சொல்றது? அவங்க ரெண்டு பேர் டேட்டும் சேர்ந்து கிடைச்சது கார்த்திகையில. அப்ப செடியில பூவா இருக்கும்? செக்கச்செவேல்னு பழம், பறிப்பு நடந்துட்டு இருக்கு.

ஆர்ட் டிபார்ட்மென்ட் பசங்க பேப்பர்ல பூ பண்ணி ராத்திரியே கட்டி வெச்சாங்க. காலையில பாத்தா பனியில நனைஞ்சு எல்லாம் தொங்கிப் போச்சு. அப்புறம் சேலத்துல இருந்து வெள்ளை சாட்டின் துணி எடுத்துட்டு வந்து, வெட்டி, மெல்லிசு கம்பியில சுத்தி, கேமராவுக்கு கிட்ட வர்ற வரிசைக்கு மட்டும் துணிப் பூ, பின்னாடி தூரத்துக்கு பஞ்சு. கட்டறதுக்கு எஸ்டேட்ல பறிப்புக்கு வர்ற அக்காங்களையே கூப்பிட்டோம். அதுல ஒரு அக்கா கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஏனுங்க, பூவும் பழமும் ஒரே கொத்துல நிக்காதுங்களே" அப்படின்னாங்க. யூனிட்ல அவ்வளவு பேர் இருந்தும் அதை யாரும் கவனிக்கல. அப்புறம் ஃபிரேமுக்குள்ள வர்ற செடியில எல்லாம் பழத்தை பறிச்சு எடுத்துட்டு, எஸ்டேட்காரர் அதுக்கு சம்மதிச்சார், எப்படியும் பறிக்க வேண்டியது தானே, மறுபடி பூ கட்டி, ரெடின்னு சொல்றப்ப மத்தியானம் ஆயிடுச்சு, நாகலூர் பக்கம் இருந்து மஞ்சு ஏறி வந்து பத்தடி தூரத்துல இருக்கற ஆள் தெரியல. மஞ்சு கலையும்னு காத்திருந்து அன்னைக்கு பேக்கப். அடுத்த நாள் காலையில தான் எடுத்தாங்க. படத்துல அது ஒரு நிமிஷம் கூட வராது. ஆனா அந்த நிமிஷத்தை விட்டிருந்தா நாவல் படிச்சவங்க மன்னிச்சிருக்க மாட்டாங்க, அவங்க கோபம் நியாயம் தான்.

ஏற்காட்டுல மஞ்சு ஒரு அழகு, கன்டின்யூட்டிக்கு அது தான் எமன். ஒரு டயலாக் வெயில்ல, அதுக்கு பதில் டயலாக் மஞ்சுல இருந்தா ரெண்டையும் சேர்த்து ஒட்ட முடியாது. டிஐயில, அதாவது எடிட்டிங் முடிஞ்சு கலர் திருத்தற வேலையில, கலரை ஓரளவு சரி பண்ணலாம், இல்லாத மலையை கொண்டு வர முடியாது. அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு. நீளமான டிரெய்லர் வண்டியை திருப்ப முடியாம அடிவாரத்துலயே நிறுத்தி, கிரேன் பார்ட்ஸை சின்ன வண்டியில மாத்தி ஏத்தினதுண்டு, குப்பனூர் வழி சுத்திப் போனதும் உண்டு. சனி ஞாயிறுன்னா டூரிஸ்ட் வண்டி வேற. அதனால மலைக்கு மேல ஒரு ஷெட்யூல்னா போக வர, மாத்தி ஏத்த இறக்கவே நாள் போகும், அந்த நாளைக்கும் அத்தனை பேருக்கும் பேட்டா உண்டு.

குதிரையைப் பத்தி யாரும் கேக்கல, ஆனா சரித்திர நாவல்னாலே குதிரை தான். குதிரை, யானை எதை வெச்சு எடுக்கறதுன்னாலும் விலங்கு நல வாரியத்துல முன்கூட்டியே அனுமதி வாங்கணும், எத்தனை மிருகம், என்ன ஷாட், எத்தனை மணி நேரம்னு எழுதிக் குடுக்கணும், டாக்டர் கூட இருக்கணும், எடுத்து முடிச்சப்புறம் காட்டி சான்றிதழும் வாங்கணும். அந்த வாரியம் முன்ன சென்னையில இருந்துச்சு, 2018ல ஹரியானா போயிடுச்சு, அதனால பேப்பர் வேலைக்கு இன்னும் நாள் ஆகுது. இந்த விதி கட்டாயம் வேணும், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. பொன்னியின் செல்வன் ஷூட்டிங்லயே 2021ல ஹைதராபாத் பக்கம் ஒரு குதிரை செத்துப்போய், பீட்டா புகார் குடுத்து போலீஸ் கேஸ் ஆச்சு. வாயில்லா ஜீவன், வெயில்ல டேக் மேல டேக் ஓட வெச்சா அது என்ன பண்ணும். இப்ப நல்ல டீம்ல மாத்துக் குதிரை வெச்சுக்கறாங்க, தண்ணி, நிழல் எல்லாம் தனியா ஆள் போட்டு பாக்கறாங்க, பாய்ச்சல் தூரக் காட்சியில சிஜி குதிரை போட்டுக்கறாங்க. அதுக்கும் செலவு தான், அந்தச் செலவு பண்ணித் தான் ஆகணும்.

தாடி, முடி. சிரிப்பா தோணும், ஆனா பல ஷெட்யூல் இதால நின்னிருக்கு. ஒரு ஹீரோ நீள முடி, தாடி வளர்த்திருக்கான்னா அவன் வேற படத்துல போலீஸா நடிக்க முடியாது. ஒட்டு தாடி வெச்சா குளோசப்ல தெரியும், வேர்வையில பிரிஞ்சிடும். ஷெட்யூல் தள்ளிப்போனா அவன் அந்த முடியோட சும்மா உக்காந்திருக்கணும், இல்ல வெட்டிட்டு வேற படத்துக்கு போயிட்டு மறுபடி வளர்ற வரைக்கும் நாம உக்காந்திருக்கணும். லாக்டவுன்ல மாட்டின ஒவ்வொரு பீரியட் படத்துக்கும் இந்தக் கஷ்டம் இருந்துச்சு.

இப்ப காசு எங்க போகுதுங்கற கேள்விக்கு பதில் தன்னால வந்துடுச்சு பாருங்க. நகைக்கும் யானைக்கும் போறது கண்ணுக்கு தெரியற செலவு. தெரியாத செலவு, காத்திருக்கற நாள். ஷூட்டிங் நடந்தாலும் நடக்கலைன்னாலும் ரூம் வாடகை ஓடுது, ஃப்ளோர் வாடகை ஓடுது, ஜெனரேட்டர், கேமரா வாடகை ஓடுது, டைம் தாண்டினா ஒன்றரை கால்ஷீட் சம்பளம், வெளிய வாங்கின பணத்துக்கு வட்டி. வட்டிக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது. ஆறு மாசம் தள்ளிப்போன பெரிய படம் ரிலீசுக்கு முந்தின ராத்திரி வரைக்கும் பைனான்ஸ் செட்டில்மென்ட்ல தவிக்கறது இதனால தான்.

நாவல்ல இருந்ததை ஏன் விட்டாங்கங்கறதும் இங்க தான் வருது. படத்துல சம்புவரையர் பொண்ணு மணிமேகலை இல்லைன்னு நிறைய பேருக்கு வருத்தம், எனக்கும் தான், அந்தப் பொண்ணோட கடைசிப் பக்கங்களை படிச்சு அழாதவங்க கம்மி. ஆனா அந்தப் பாத்திரத்தை உள்ள வெச்சா கடம்பூர் காட்சிகள்ல ஏற்கனவே இருக்கற காம்பினேஷனோட இன்னொரு ஆர்ட்டிஸ்ட் சேரும், அவளுக்கு கந்தமாறனோட, நந்தினியோட, வந்தியத்தேவனோட தனித்தனி காட்சி வேணும், எத்தனை நாள் கூடும்னு எனக்கு உடனே கணக்கு ஓடும். முதல் பாகமே 2 மணி 47 நிமிஷம். எதையாவது ஒண்ணை விட்டுத் தான் ஆகணும்னு உக்காந்து அஞ்சு பாகத்தை ரெண்டு படமா வெட்டினவங்களுக்கு அது கசப்பான வேலையா தான் இருந்திருக்கும்.

வெப் சீரிஸ் விஷயம். நீளம் கூடினா கதைக்கு இடம் கிடைக்கும், உண்மை. ஆனா 20 மணி நேரத்துக்கு எடுக்கணும்னா அதே நடிகர்கள் மூணு நாலு மடங்கு நாள் குடுக்கணும், பெரிய ஸ்டார் யாரும் ரெண்டு வருஷம் முழுசா குடுக்க மாட்டாங்க. அப்ப அவ்வளவா தெரியாத முகங்களை, நாடகக்காரங்களை எடுத்து, மொத்தமா ஒரே இடத்துல ரெண்டு வருஷம் சம்பளத்துக்கு வெச்சு எடுக்கணும். நம்ம ஊர் சுந்தரம் முதலாளி பண்ணின மாதிரி தான். அது நடக்கும்னு நான் நம்பறேன், கல்கி எழுத்து நாட்டுடமை ஆனதால உரிமைக்கு யார் வீட்டு வாசல்லயும் நிக்க வேண்டியதில்ல, ஸ்டார் இல்லாம அவ்வளவு பணம் போட ஒரு ஓடிடி கம்பெனி முன்வரணும், அவ்வளவு தான் பாக்கி.

நீங்க குறும்படம் எடுக்கற ஆசை இருக்குன்னு எழுதியிருந்தீங்க தம்பி. ஏதாவது ஒரு நாவலை எடுத்து, எந்த அத்தியாயத்துல யார் யார் ஒண்ணா வர்றாங்க, பகலா ராத்திரியா, வெளியவா உள்ளயா, மழை உண்டா, மிருகம் உண்டான்னு ஒரு நீள நோட்டுல கட்டம் போட்டு எழுதிப் பாருங்க. பொன்னியின் செல்வனையே எடுத்துக்கறதுன்னா கடம்பூர்ல இருந்து ஆரம்பிங்க, கஷ்டமானது அது தான். எழுதி முடிச்சா கொண்டு வாங்க, அஸ்தம்பட்டி பக்கம் தான் இருப்பேன், உக்காந்து சார்ட் போட்டு பாப்போம்.